வீட்டுத் துப்பாக்கியும் ஆள்பெயர் உரிமமும்: கல்வராயன் மலையை முன்வைத்து ஆயுத உடைமையின் சட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

துப்பாக்கியை ஒரு குடும்பமோ ஊரோ பொதுவுடைமையாக வைத்துக்கொள்ள இந்தியச் சட்டத்தில் இடம் உண்டா என்னும் வினாவைக் கல்வராயன் மலையின் ஜாகிர் வரலாற்றோடு சேர்த்து இக்கட்டுரை ஆராய்கிறது. அறக்கட்டளையின் பெயரில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் முறை அமெரிக்காவில் வழக்கில் உள்ளது. இந்தியாவில் அதற்கு வழியில்லை. ஆயினும் குடகில் ஒரு சமூகத்துக்கும் ஒரு நிலவுரிமை வகுப்புக்கும் கூட்டாக விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அத்தகைய விலக்கு கல்வராயன் மலையை எட்டாமைக்கு நிலவுடைமை முறையே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கல்வராயன் மலை, ஜாகிர், ஆயுதச் சட்டம், அறக்கட்டளை, ஜம்மா நிலம், பயிர்க்காப்பு

மலையும் ஜாகிரும்

2019இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் இருவேறு நில வரலாறுகளைத் தன்னுள் கொண்டது. கிழக்கே உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் களமருதூர் போன்ற ஊர்கள் சமவெளியில் அமைந்தவை. சமவெளியில் பரவிய இரயத்துவாரி முறையில் உழவர் அரசோடு நேரடித் தொடர்பு கொண்டிருந்தார். அவர் பெயரில் பட்டா இருந்தது. வரி கட்டியதற்குச் சான்று இருந்தது. மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை வேறு. மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதி சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூவரின் ஜாகிர்களாக இருந்தது. இவ்வுரிமை கிருஷ்ணதேவராயர் காலத்தில் வழங்கப்பட்டது என்பது மலைமக்களின் வழிவழிச் செய்தி. அச்செய்தியின் உண்மை எவ்வாறாயினும், ஆங்கிலேயர் ஆட்சி இந்த ஜாகிர்களை ஏற்றுக்கொண்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமவெளி ஜமீன்கள் ஒழிக்கப்பட்ட பின்னும் மலை ஜாகிர்கள் நீடித்தன. 1976இல்தான் மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது.

இதன் பொருள், மலையாளிப் பழங்குடி உழவருக்கும் அரசுக்கும் இடையில் நெடுங்காலம் ஜாகிர்தார் ஒருவர் நின்றார் என்பதே. உழவர் வரி கட்டியது அவரிடம். கட்டாய உழைப்பு அளித்ததும் அவருக்கே. அரசின் ஏட்டில் ஜாகிர்தாருக்குப் பெயர் இருந்தது, உழவருக்கு இல்லை. துப்பாக்கி உரிமத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த இன்மை அடிப்படையானது.

மலையில் வழங்கிய துப்பாக்கி, குழல்வாய் வழியே கரிமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. காட்டுப்பன்றியிடமிருந்து தினையையும் சாமையையும் மரவள்ளியையும் காப்பது அதன் அன்றாடப் பயன். வேட்டை அதனோடு சேர்ந்தது. அரிவாள், ஏர் போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு அது வீட்டுப் பொருளாகக் கைமாறியது. அதை இன்னாருடையது என்பதைவிட இன்ன வீட்டினுடையது என்பதே பொருந்தும்.

தனியாள் என்னும் அலகு

தமிழகத்தில் ஆயுதப் பறிப்பின் வரலாற்றை 1801ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வெளியான எட்வர்டு கிளைவின் அறிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். பாளையக்காரர் கிளர்ச்சியை ஒடுக்கிய பின் தென்மாவட்டங்களில் ஆயுதம் வைத்திருப்பதை அது தடைசெய்தது. ஆனால் அது தெற்கை நோக்கிய ஆணை. அதைக் கல்வராயன் மலைக்கும் நீட்டிப் பேசுவது பொருந்தாது. நாடு முழுவதையும் உரிம முறைக்குள் இறுக்கியது லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே. உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம் என்பது அதன் விதி. ஐரோப்பியருக்கும் குறிப்பிட்ட பட்டம் உடையோருக்கும் விலக்கு உண்டு. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாட்டில் இச்சட்டம் கடுமையாக விவாதிக்கப்பட்டது. அதை நீக்கவேண்டும் எனப் பிபின் சந்திர பால் வாதிட்டார். அன்றைய வாதம் இனப் பாகுபாட்டையும் குடிமகனின் மானத்தையும் பற்றியது. மலை உழவரின் பன்றிக்காவல் அந்த மேடையில் ஏறவில்லை.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டைக் கைவிட்டது. தனியாள் உரிமம் என்னும் அடிப்படையைக் கைவிடவில்லை. 3ஆம் பிரிவின்படி உரிமம் பெறாத எவரும் துப்பாக்கியையோ அதற்குரிய வெடிபொருளையோ வைத்திருக்கலாகாது. துப்பாக்கியின் உறுப்புகளும் ஆயுதம் என்னும் வரையறைக்குள் அடங்கும். உரிமதாரரின் முன்னிலையில், அல்லது அவருடைய எழுத்து வழி ஒப்புதலோடு, பழுதுபார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ அவருடைய பயன்பாட்டுக்காகவோ மற்றொருவர் அதை எடுத்துச் செல்லலாம். அண்ணன் பெயரில் உரிமம் இருக்க, அவர் ஊரில் இல்லாத இரவில் தம்பி அதே துப்பாக்கியுடன் பரணில் காவல் இருந்தால் இந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது. கூட்டுக் குடும்பத்தின் நடைமுறையும் சட்டத்தின் அலகும் மோதும் இடம் இதுவே.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு மலை உழவருக்கு இணக்கமான ஒரு வாசகத்தையும் கொண்டுள்ளது. உண்மையான பயிர்க்காப்புக்காகக் குழல்வாயில் மருந்திடும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு, வேறு தடை இல்லாதபோது, உரிம அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. நாட்டுத் துப்பாக்கியின் வகையையே சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் பயிர்க்காப்புத் தேவையை மெய்ப்பிக்கப் பயிர் விளையும் நிலத்தைக் காட்டவேண்டும். நிலத்தைக் காட்ட ஏடு வேண்டும். களமருதூர் உழவரிடம் அந்த ஏடு இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1962இல் மலையில் ஜாகிர் இன்னும் உயிரோடிருந்தது.

அறக்கட்டளை என்னும் வழி

பல கைகளுக்கு உரிய பொருளை ஒரு சட்ட வடிவத்துக்குள் வைக்க அறக்கட்டளை உகந்த கருவி எனத் தோன்றலாம். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் இயந்திரத் துப்பாக்கி, குறுங்குழல் துப்பாக்கி, ஒலியடக்கி போன்றவற்றை அறக்கட்டளையின் பெயரில் பதிவுசெய்யும் வழக்கம் உண்டு. அறங்காவலராகக் குறிக்கப்பட்டோர் அப்பொருளைத் தனித்தனியே கையாளலாம். ஒருவர் இறந்தாலும் உடைமை தொடரும். 2016இல் நடைமுறைக்கு வந்த விதி, பொறுப்புடையோர் ஒவ்வொருவரும் புகைப்படமும் கைரேகையும் அளிக்கவேண்டும் என்றது. அறக்கட்டளையைத் திரையாகக் கொண்டு தனியாள் சோதனையைக் கடந்துவிடலாம் என்னும் ஐயமே அவ்விதிக்குக் காரணம். உடைமையைக் கூட்டாக்கிய நாடும் சோதனையைத் தனியாளிடமே கொண்டுவந்து நிறுத்தியது.

இந்தியாவில் இவ்வழி தொடக்கத்திலேயே அடைபடுகிறது. 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பயனாளிக்கு மாற்றித் தரத்தக்க சொத்தே அறக்கட்டளைப் பொருளாகலாம் என்கிறது. உரிமம் இல்லாத பயனாளிக்குத் துப்பாக்கியை மாற்றித் தர முடியாது. உரிமதாரர் தம் துப்பாக்கியை உரிமமுள்ள மற்றொருவருக்கு விற்கவும் அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். பொதுப் பிரிவுகள் சட்டத்தின்படி ‘ஆள்’ என்னும் சொல் நிறுவனத்தையும் ஆள்கூட்டத்தையும் உள்ளடக்கும் என்பது உண்மை. காவலுக்குத் துப்பாக்கி தேவைப்படும் நிறுவனங்களுக்கு விதிகளில் இடம் உள்ளதும் உண்மை. அங்கும் துப்பாக்கியை ஏந்துபவர் இன்னார் எனக் குறிக்கப்பட வேண்டும். ஒரு மலையூரைச் சங்கமாகப் பதிவுசெய்து ஊருக்கு ஒரு துப்பாக்கி கேட்பது கற்பனையில் எளிது. நடைமுறையில் அது ஒருவர் பெயரில் போய் முடியும்.

வாரிசு முறையிலும் இதே நெறி தொடர்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமதாரர் இறந்தபின், அல்லது அவருக்கு 70 வயது நிறைந்தபோது, அல்லது 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தபின், வாரிசு ஒருவர் உரிமம் கோரலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வழிவழி வந்த துப்பாக்கியும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கும். வாரிசு யார் என்பதில் மலையாளிகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், அரசு அறிவிக்கை வழியாக வேறுவிதமாகக் கூறாதவரை, பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது. அவர்களுடைய சொத்துரிமை வழக்காற்றைப் பின்பற்றுவது. வழக்காறு வீட்டுக்குரியது எனக் கருதும் பொருளுக்கு வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழில் பெயர் தேடவேண்டிய நிலை இதனால் எழுகிறது.

குடகின் ஜம்மா விலக்கு

தனியாள் நெறிக்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு உள்ளது. 1834இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய குடகில், 1861இல் ஆணையர் மார்க் கப்பன் குடகருக்கு ஆயுதத் தடையிலிருந்து விலக்கு அளித்தார். அவர்களுடைய விசுவாசம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பொதுநலன் கருதி ஒரு வகுப்பாருக்கு விலக்கு அளிக்க நடுவணரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன் கீழ்க் குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலவுரிமையாளருக்கும் விலக்கு தொடர்ந்தது. 2019இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இவ்விலக்கைப் பண்பாட்டு உரிமையாக மட்டும் காண்பது போதாது. ஆயுதங்களை வழிபடும் கைல்பொள்து விழா குடகில் சிறப்புடையது. ஆயினும் விலக்கின் வாசகம் விழாவைக் குறிக்கவில்லை, நிலத்தைக் குறிக்கிறது. ஜம்மா என்பது படைப்பணிக் கடமையோடு பிணைந்த, தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் கூட்டாக நுகரும் நிலவுரிமை. அந்நிலத்தை உடையவர் அரசுக்கு நேரடியாகக் கடமைப்பட்டவர். எனவே அவர் கையில் உள்ள துப்பாக்கியை அரசு தனக்குச் சார்பான ஆயுதமாகக் கருத முடிந்தது.

கல்வராயன் மலையில் அந்த நேரடிப் பிணைப்பு உருவாகவே இல்லை. மலையாளி உழவரின் கடமை ஜாகிர்தாருக்கு உரியது. அரசின் கண்ணுக்கு அவர் ஜாகிர்தாரின் குடி. விலக்கு கோருவதற்குரிய வகுப்பாக அவர் ஏட்டில் பதிவாகவில்லை. 1976இல் ஜாகிர் நீங்கியபோது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்தது. அரசோடு மலைமக்களுக்கு நேரடி உறவு தொடங்கிய காலத்தில் துப்பாக்கி விசுவாசத்தின் அடையாளமாக இல்லை. வேட்டைக் குற்றத்தின் தடயமாகிவிட்டது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு மலையூர்களில் காவல்துறை விடுக்கும் அறிவிப்புகள் இம்மாற்றத்தின் தொடர்ச்சியே.

கூட்டுரிமையும் அதன் எல்லையும்

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், இதுவரை கண்ட சட்டங்களுக்கு மாறாக, ஊரையே உரிமையின் அலகாக ஏற்றது. சமூக வன உரிமையைக் கிராமசபை வழியே ஊர் பெறலாம். மலைமக்கள் மரபாக நுகர்ந்த பிற உரிமைகளையும் அதன் 3ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அதே உட்பிரிவு வேட்டையாடும், பொறிவைக்கும் மரபுரிமையை வெளிப்படையாக விலக்குகிறது. காட்டு வளத்தை அழியாமல் காக்கும் நோக்கில் இவ்விலக்கைக் குறைகூற முடியாது. வேட்டையும் பயிர்க்காப்பும் வேறு என்னும் வேறுபாட்டை அது தெளிவாக்கவில்லை என்பதே இங்குச் சுட்டத்தக்கது.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி குறித்து முடிவெடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். காப்புக்காடுகளை ஒட்டியே ஊர்கள் அமைந்த கல்வராயன் மலையில் 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்பது பெரும்பாலும் மலையடிவாரத்துச் சமவெளி. பயிர்க்காப்புக்காகக் குழல்வாய்த் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்லும் 13ஆம் பிரிவின் வாசகம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும் சட்டநூலில் இருக்கிறது. அதன்படி உரிமம் பெறும் மலை உழவர், பயிரை மேயவரும் பன்றியைத் தம் துப்பாக்கியால் சுட முடியாது.