எது தலைசிறந்த தட்டு?
இசைத்தட்டுச் சேகரிப்பும் வாதமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி இன்று முழுமையாக நம் கையில் இல்லை. எஞ்சிய சில பாடல்களும் கதைப்போக்கும் இரண்டு வழிகளில் நம்மிடம் வந்து சேர்ந்தன. ஒன்று, நல்ல பாடல்களைத் திரட்டி வைத்த புறத்திரட்டு. மற்றொன்று, அந்தப் பௌத்த நூலை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூலாகிய நீலகேசியும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் செய்த உரையும். அதாவது, ஒரு நூலில் மிச்சம் மீதியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் ஒரு சேகரிப்பாளரும் ஓர் எதிர்வாதியும்!

சேர்த்து வைப்பவனையும் வாதம் செய்பவனையும் உலகம் பல நேரம் வேலையற்றவன் என்றுதான் எண்ணுகிறது. ஆனால் அவ்விருவரும் இல்லாவிட்டால் எதுவும் தங்காது என்பது வரலாறு காட்டும் பாடம். இக்கருத்தை ஏட்டுச் சுவடியைக் கொண்டு விளக்குவது எளிது, பலர் செய்துள்ளனர். நான் இங்கே எடுத்துக்கொள்வது இசைத்தட்டு. அதிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ‘புரோகிரசிவ் ராக்’ என்னும் மேலைநாட்டு இசைவகை. "மலரில் இதெல்லாம் எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துப் படித்தால் இதில் நம்மவர் பங்கும் உண்டென்பது விளங்கும்.

நீண்ட தட்டு பிறந்த கதை

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தா சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்தது. 1928இல் அது டம்டமுக்கு மாறியது. அக்காலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் ராகம் பாடும் வித்துவான் அந்தச் சிறிய கூட்டுக்குள் தம் பாட்டை மடித்து வைக்க வேண்டியிருந்தது.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் வினைல் தட்டைக் கொண்டு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம். இதுதான் ‘எல்.பி.’. பாண்டம் பெரிதானால் பண்டமும் மாறும் அல்லவா? தனித்தனிப் பாட்டாக இல்லாமல், இரு பக்கமும் சேர்ந்து ஒரே படைப்பாக நினைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது.

இங்கிலாந்தில் 1960களின் கடைசியில் சில இளைஞர்கள் அந்த இருபது நிமிடத்தை முழுதாகப் பயன்படுத்தத் தொடங்கினர். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் ‘இன் தி கோர்ட் ஆப் தி கிரிம்சன் கிங்’ வந்தது. 1972இல் ஜெத்ரோ டல் குழு ‘திக் அஸ் எ பிரிக்’ என்று இரு பக்கமும் ஒரே பாட்டாகத் தந்தது. அதே ஆண்டு யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ தட்டில் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே உருப்படி பிடித்துக்கொண்டது. 1973 மார்ச்சில் பிங்க் பிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆப் தி மூன்’ வெளிவந்தது. 1988 வரையிலான காலத்தில் இது அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது.

நம் காதுக்கு இது அந்நியமா? அவ்வளவாக இல்லை. ஆலாபனை போல மெல்லத் தொடங்கும், வேகம் கூடும், தொடக்கத்தில் வந்த சங்கதி கடைசியில் திரும்ப வரும். சாதாரண ராக் பாட்டு நாலு நாலாக எண்ணும். இவர்கள் அப்படி நிற்கவில்லை. பிங்க் பிளாய்டின் ‘மணி’ பாட்டு பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் போகிறது. கைதட்டிப் பார்த்தால் மிச்ர சாபு தெரியும். ஜெனிசிஸ் குழுவின் 1972ஆம் ஆண்டு ‘பாக்ஸ்ட்ராட்’ தட்டில் ஒன்பது எண்ணிக்கையில் ஒரு பகுதி உண்டு. நாம் அதைச் சங்கீர்ணம் என்போம்.

தமிழர் கை பட்ட தட்டுகள்

ஜான் மெக்லாக்லின் என்னும் ஆங்கிலேய கிதார் வித்துவான் நடத்திய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் ‘தி இன்னர் மௌண்டிங் பிளேம்’ (1971), ‘பேர்ட்ஸ் ஆப் பயர்’ (1973) ஆகிய தட்டுகளை இவ்வகைச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குவார்கள். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பிறகு வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை அமைத்தார். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த அவர்கள் கச்சேரி 1976இல் தட்டாக வந்தது. அதில் மிருதங்கம் ஆர். ராகவன். ஒரு மண்பானை, ராக் ரசிகர்களின் அலமாரியில் இடம் பிடித்தது அப்போதுதான். பல ஆண்டு கழித்து மறுபடி கூடிய சக்தி குழுவின் ‘திஸ் மோமென்ட்’ 2024இல் கிராமி விருது பெற்றது. அதில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வாசித்திருக்கிறார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜாகிர் உசேன் மறைந்தார்.

சென்னையில் இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக் என்னும் ஜெர்மானிய மேதைக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு அது, வயலின் வி.எஸ். நரசிம்மன். 1988இல் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவுடன் ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. இவை ராக் வகையா, கர்நாடக இசையா, மேலைச் செவ்விசையா? ‘இதற்கு என்ன பெயர் வைப்பது’ என்ற கேள்வியை அவரே தலைப்பாக வைத்துவிட்டதால், ரசிகர்களின் வாதத்துக்கு முடிவே கிடையாது.

தலைநகரின் பங்காக 1990இல் தொடங்கிய ‘இந்தியன் ஓஷன்’ குழுவைச் சொல்ல வேண்டும். 2000இல் வந்த அவர்களுடைய ‘கண்டீசா’வின் தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் பாடும் பழைய அரமேய வழிபாட்டிலிருந்து எடுத்தது. தில்லியில் பிறந்த குழு கேரளத்து வழிபாட்டை வட இந்திய வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது.

சந்தையும் சரக்கும்

சேகரிப்பவரின் ஆராய்ச்சியை வியாபாரிக் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். பாட்டு முடிந்து நடு அட்டைக்கு முன்னுள்ள வழவழப்பான வளையத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் செதுக்கியிருக்கும். அதை வைத்து முதல் அச்சா, மறு அச்சா என்று சொல்வார்கள். நடு அட்டையின் நிறம், உறையின் தாள், ஓரத்து மடிப்பு எல்லாமே சாட்சி. கல்வெட்டு ஆராய்ச்சிக்கும் இதற்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

டம்டமில் அச்சான மேலைநாட்டுத் தட்டுகளை இன்று வெளிநாட்டவரும் தேடுகிறார்கள். இங்கிலாந்தில் 78 சுற்றுத் தட்டு 1960 வாக்கிலேயே முடிந்துபோனது; ஆனால் நம் நாட்டில் சாவி கொடுக்கும் பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், அதற்குப் பின் வந்த பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே பழைய அரக்குத் தட்டாக வந்தன. அன்று ஏழ்மையின் அடையாளமாக இருந்தது இன்று அருங்காட்சிப் பொருள்!

தில்லியில் சாந்தினி சௌக்கிலும் ஜும்மா மசூதியை ஒட்டிய மீனா பஜாரிலும் பழைய தட்டுக் கடைகள் பேர்பெற்றவை. 1980களில் மலிவு கேசட் வந்தது. தரியாகஞ்சில் பழரசக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார் அதில் நாடெங்கும் பேர் வாங்கினார். கேசட் ஏறத் தட்டு இறங்கிற்று. மாற்றலாகும் குடும்பங்கள் தட்டுகளைக் கபாடிவாலாவுக்கு எடை போட்டுக் கொடுத்தன. சரக்கு அழிவது தேவை குறைவதால் மட்டுமல்ல. அதன் மதிப்பைப் பற்றி யாரும் சண்டை போடாமல் விடுவதாலும்தான்.

வாதிடும் முறை

‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 2015இல் தலைசிறந்த ஐம்பது புரோகிரசிவ் ராக் தட்டுகளின் பட்டியலைத் தந்தபோது ‘டார்க் சைட்’டை முதலில் வைத்தது. "பிங்க் பிளாய்டு இந்த வகையே இல்லையே!" என்பது ஒரு கட்சி. "கிரிம்சன் இல்லாமல் இந்த வகையே ஏது?" என்பது மற்றொரு கட்சி. விற்பனையா, முதலில் செய்ததா, வாசிப்புத் திறனா, கேட்டவர் மனத்தில் தங்கியதா? எந்த அளவுகோல் என்று சொல்லாமல் வாதிட்டால் பொழுது விடிந்துவிடும்.

தமிழ்ச் சமணனாகிய எனக்கு இங்கே இரண்டு பழைய முறைகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று அநேகாந்தம். பொருளுக்குப் பல தன்மை. ‘ஒரு நோக்கில்’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொன்னால்தான் எந்தக் கூற்றும் முழுமை பெறும். "விற்பனை நோக்கில் இது, புதுமை நோக்கில் அது" என்றால் இருவரும் தோற்க வேண்டியதில்லை. இதைச் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். அளவுகோலை வெளிப்படையாக வைக்கும் நேர்மை இது. மற்றொன்று நீலகேசி காட்டும் முறை. குண்டலகேசி வாதம் முதல் பூத வாதம் வரை, எதிராளியின் கொள்கையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுப்பு தொடங்குகிறது. அப்படி எடுத்து வைத்ததனால்தான் மறுக்கப்பட்டதும் பிழைத்தது.

அரக்கும் பொருள் வரைதலும்

பழைய 78 சுற்றுத் தட்டு ஷெல்லாக் என்னும் அரக்கால் ஆனது. அரக்கோ பூச்சியிலிருந்து வருவது. இல்லறத்தான் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களில் அரக்கு வாணிபத்தையும் ஹேமசந்திரர் எண்ணியிருக்கிறார். அத்துடன், பொருள் வரைதல் என்ற விரதம் உடைமைக்கு எல்லை கட்டச் சொல்கிறது. அப்படியானால் சமணன் தட்டுச் சேகரிப்பைப் போற்றலாமா?

விடையும் நம் மரபிலேயே உண்டு. சுவடியைப் படியெடுத்துப் பிறருக்குத் தருவது சாத்திர தானம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்குச் சுவடியும் விளக்கமும் தந்து உதவியவர்களில் சமணக் குடும்பங்களும் இருந்தன. பூட்டி வைத்தால் உடைமை. திறந்து கொடுத்தால் தானம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டியது 1992இல் அவர் மறைந்தபின் சிதறியிருக்கலாம். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியதால் இன்று ஊருக்கே பொதுவாயிற்று.

நாம் செய்யக்கூடியது

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, தில்லி பொது நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அச்சட்டத்தில் இசைத்தட்டுக்கு இடமில்லை. ஆகவே டம்டமில் அச்சான ஒரு தமிழ்த் தட்டு தங்குவதும் தங்காததும் நம்மைப் போன்ற வீடுகளைப் பொறுத்தது. இங்கிலாந்துப் பையன்கள் வாசித்த தட்டின் எந்த அச்சு எப்போது வந்தது என்பதை உலகமே எழுதி வைத்திருக்கிறது; ஏனென்றால் அதற்காக வாதிட ஆளிருக்கிறது. நம் நாகசுரத் தட்டுக்கும் நாடகத் தட்டுக்கும் அப்படி வாதிடுவோர் எத்தனை பேர்?

நம் குடும்பங்களுக்கு மூன்று விண்ணப்பம். பரணில் தட்டிருந்தால் எடை போட்டு விற்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல் செங்குத்தாக நிறுத்துங்கள். தில்லி மே மாத வெயில் நேராகப் பட்டால் வினைல் வளைந்துபோகும். ஒரு நோட்டில் கம்பெனி பெயர், தட்டு எண், பாடியவர், பாட்டு என்று எழுதி, பட்டியலைச் சங்கத்துக்குக் கொடுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லாதவர்களுக்கு, 1982இல் தொடங்கப்பட்டு இன்று குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவணக் காப்பகம் போன்ற நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

பிள்ளைகள் ‘கிரிம்சனா, பிளாய்டா’ என்று சண்டை போட்டால் தடுக்க வேண்டாம். ‘சக்தியைக் கேட்டாயா, ராஜாவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்டாயா?’ என்று நீங்களும் ஒரு கட்சி கட்டுங்கள். வாதம் வளரட்டும், தட்டு தங்கட்டும்.