வீட்டிலேயே மின்சாரக் காருக்கு சார்ஜர்: வாங்கும் முன் செமிலிங் வட்டாரக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

செமிலிங்: மின்சாரக் கார் என்பது கோலாலம்பூர்வாசிகளுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டுமே என்றிருந்த நிலை மாறி வருகிறது. புரோட்டோன் நிறுவனம் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 காரையும், 2025 அக்டோபரில் இ.மாஸ் 5 காரையும் அறிமுகம் செய்தது. பெரோடுவாவின் கியூ.வி-இ 2025 டிசம்பரில் வந்தது. உள்நாட்டு முத்திரைகளே மின்சாரத்துக்கு மாறியிருப்பதால், செமிலிங், பீடோங், மெர்போக், சுங்கை பட்டாணி வட்டாரத் தாமான்களிலும் இனி அடிக்கடி கேட்கப்படப்போகும் கேள்வி இதுதான்: வீட்டில் எந்த சார்ஜரைப் பொருத்துவது?

பலர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் மின்கம்பிகளை. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வரிசை வீடுகள், இரவு முழுவதும் பெரும் மின்னோட்டம் ஓடும் என்று எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல.

தினசரி ஓட்டம் எவ்வளவு?

செமிலிங்கிலிருந்து பட்டர்வொர்த் பக்கம் வேலைக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நடுத்தர மின்சாரக் கார் அந்தத் தூரத்துக்குச் சுமார் 15 யூனிட், அதாவது 15 கிலோவாட்-மணி மின்சாரம் எடுக்கும். சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 17 யூனிட். பெரிய பேட்டரியாக இருந்தாலும் தினமும் நிரப்ப வேண்டியது அன்று செலவானதை மட்டுமே. இதைக் கணக்கிட்டுவிட்டால் தேவைக்கு மேல் பெரிய சார்ஜர் வாங்கும் ஆசை தானாகக் குறையும்.

மூன்று வழிகள்

ஒன்று, காருடன் கிடைக்கும் கையடக்க சார்ஜரைச் சாதாரண 13 ஆம்பியர் மூன்று முனை பிளக்கில் செருகுவது. இது சுமார் 2 கிலோவாட் தரும். மேலே சொன்ன 17 யூனிட்டுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறைவாக ஓட்டுபவருக்கு இது போதும். ஆனால் வீட்டு சாக்கெட் இத்தனை மணி நேரம் தொடர்ந்து சுமை தாங்குவதற்கானது அல்ல. தளர்ந்த முனையோ பழைய கம்பியோ இருந்தால் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். எக்ஸ்டென்ஷன் வயர் மூலம் காரை சார்ஜ் செய்வதை அறவே தவிர்க்க வேண்டும். அவசரத்துக்கு மட்டுமே பிளக் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு, சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர். 230 வோல்ட், 32 ஆம்பியர், சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் இயங்குவது. 17 யூனிட்டை இரண்டரை மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே பொருத்தம்.

மூன்று, திரி பேஸ் இணைப்பில் இயங்கும் 11 அல்லது 22 கிலோவாட் சார்ஜர். வீட்டுக்கு ஏற்கெனவே திரி பேஸ் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால், இதற்காக மட்டும் இணைப்பை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

வேகத்தை முடிவு செய்வது காரே

சுவரில் தொங்கும் பெட்டி மின்சாரத்தைப் பாதுகாப்பாக அனுப்பும் வேலையை மட்டுமே செய்கிறது. அதைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்-போர்டு சார்ஜர். அதன் அளவுதான் எல்லை. 7 கிலோவாட் மட்டுமே ஏற்கும் பி.ஒய்.டி. அட்டோ 3 காரை 22 கிலோவாட் சார்ஜரில் செருகினாலும் அது 7 கிலோவாட்தான் எடுக்கும். இ.மாஸ் 7 கார் 11 கிலோவாட் வரை ஏற்கும். ஆனால் அந்த வேகத்துக்குத் திரி பேஸ் வேண்டும். சிங்கிள் பேஸில் தம் கார் எவ்வளவு ஏற்கும் என்று விற்பனையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். மலேசியாவில் இப்போது விற்கப்படும் மின்சாரக் கார்களுக்கு வீட்டு சார்ஜரில் டைப் 2 என்ற முனையே பொதுவானது.

வீடு தாங்குமா?

சிங்கிள் பேஸ் வீட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது 60 ஆம்பியர் அளவு. மாலை ஏழு மணிக் காட்சியை எண்ணிப் பாருங்கள். கார் சார்ஜர் 32 ஆம்பியர், குளியலறை வாட்டர் ஹீட்டர் 16, இரண்டு ஏர்கோன் 8, மின்கெண்டி 10. கூட்டினால் 66 ஆம்பியர். வீடே இருளில் மூழ்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. வீட்டார் உறங்கியபின் சார்ஜ் ஆகும்படி நேரம் வைக்கலாம். அல்லது, வீட்டின் மொத்தச் சுமையை அளந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ‘லோட் பேலன்சிங்’ வசதியுள்ள சார்ஜரை வாங்கலாம். இணைப்பை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால், உரிமம் பெற்ற மின் குத்தகையாளர் மூலம் தெனாகா நேஷனலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பொருத்துபவர் யார் என்பதும் முக்கியம். 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் கீழ், மின் குத்தகையாளர்களையும் வயர்மேன்களையும் பதிவு செய்து கண்காணிப்பது எரிசக்தி ஆணையம். தெரிந்தவர், பக்கத்துத் தெருக்காரர் என்பதற்காகப் பதிவில்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

குத்தகையாளரிடம் கேட்க வேண்டியவை

சார்ஜருக்கு டி.பி. பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி பிரேக்கர் போடப்படுகிறதா? கம்பியின் தடிமன் தூரத்துக்கு ஏற்றதா? 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் தனியாக உண்டா? மின்சாரக் காரிலிருந்து நேர்மின்சாரம் கசிந்தால் சாதாரண இ.எல்.சி.பி. அதை உணராமல் போகலாம். ஆகவே 6 மில்லியாம்பியர் நேர்மின் கசிவை உணரும் வசதி சார்ஜருக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டைப் பி வகைத் துண்டிப்பான் வேண்டும். பழைய வீடுகளில் நிலத்தில் இறக்கிய எர்த் கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். அதை அளந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

இடி மின்னல் மிகுந்த நாடு இது. மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் கருவியை டி.பி. பெட்டியில் சேர்ப்பது சார்ஜரை மட்டுமல்ல, வீட்டிலுள்ள மற்றப் பொருள்களையும் காக்கும். கூரையில்லாத கார் நிறுத்துமிடமாக இருந்தால், மழையையும் தூசியையும் தாங்கும் ஐ.பி. 65 தரத்தைக் கேளுங்கள்.

இந்த வட்டாரத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த நீர்ப்பெருக்கு யான், மெர்போக் பகுதிகளில் உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுபோனது. தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், முன்பு வெள்ளம் எட்டிய அளவுக்கு மேலே சார்ஜரைப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

மின் கட்டணம் எவ்வளவு ஏறும்?

2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்தி, கொள்திறன், கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். மாதம் 25 நாள் 17 யூனிட் என்றால் 425 யூனிட். ஏறக்குறைய 189 வெள்ளி.

ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. 600 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் சேர்கிறது. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கிடைக்கும் மின்சிக்கன ஊக்கச் சலுகை, பயன்பாடு கூடக்கூடக் குறைந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் இல்லாமலே போகிறது. இதுவரை 500 யூனிட் எடுத்த வீடு காரால் 925 யூனிட்டுக்கு உயர்ந்தால், பழைய சலுகையின் பெரும்பகுதியையும் இழக்கும். கார் வாங்கும் முன் கடந்த ஆறு மாத பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் போடுவது அவசியம்.

நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாறும் வாய்ப்பும் உண்டு. இதில் வேலை நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்ற நேரத்தில் எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 4 சென் குறைவு. இதற்கு ஸ்மார்ட் மீட்டர் தேவை. பகலில் வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் ஏர்கோனில் இருக்கும் குடும்பத்துக்கு இது லாபமா என்பதைப் பார்த்தே மாற வேண்டும்.

வரிச் சலுகையை விட்டுவிடாதீர்கள்

சொந்தப் பயன்பாட்டுக்கு சார்ஜர் வாங்குதல், பொருத்துதல், வாடகைக்கு எடுத்தல், சந்தா ஆகிய செலவுகளுக்கு 2,500 வெள்ளி வரை தனிநபர் வருமான வரி விலக்கு உண்டு. இது 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை நீடிக்கிறது. கையில் ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கும் பணமல்ல இது. வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை. ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரிடமும், தோட்ட வீடுகளில் வசிப்போர் தோட்ட நிர்வாகத்திடமும், அடுக்குமாடியில் இருப்போர் கட்டட நிர்வாகக் குழுவிடமும் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற பிறகே முன்பணம் கட்டுவது நல்லது.

மொத்தத்தில் வரிசை இதுதான்: முதலில் தினசரி ஓட்டம், அடுத்து கார் ஏற்கும் வேகம், பிறகு வீட்டு இணைப்பின் தாங்குதிறன், கடைசியாக சார்ஜரின் முத்திரையும் விலையும். காருக்கு முன்பதிவு செய்யும் முன்பே பதிவு பெற்ற குத்தகையாளரை அழைத்து வீட்டைக் காட்டினால், கார் வாசலில் வந்து நின்றபின் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்காது.