தொரப்பள்ளி முதல் கக்கநல்லா வரை: முதுமலைக் காட்டில் சாலையும் ஒளிப்படக் கருவியும்

ஆப்பிரிக்காவின் காட்டுயிர்க் காப்பகங்கள் பலவற்றில் ஒளிப்படக் கலைஞர் தம் வண்டியைத் தாமே ஓட்டிச் சென்று, விரும்பிய இடத்தில் எஞ்சினை அணைத்து, பயறு அடைத்த துணிப்பையைக் கதவின் விளிம்பில் வைத்து, கனத்த தொலைநோக்கு லென்சை அதன்மேல் சாய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறார். நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவில் உள்ள கூடலூரை ஒட்டிய முதுமலைக் காட்டில் இவ்வாறு செய்ய அனுமதி இல்லை. ஆனால் அக்காட்டை ஊடறுத்து உதகையையும் மைசூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை செல்வதால், காய்கறி லாரி ஓட்டுநரும் கல்யாணத்திற்குச் செல்லும் குடும்பமும் யானைக் கூட்டத்தைத் தம் வண்டியிலிருந்தே கண்டபடி நாள்தோறும் கடந்து போகின்றனர். காட்டைக் காண வந்தவர் ஓட்டக் கூடாது, கடந்து போகிறவர் ஓட்டலாம் என்னும் இந்த விந்தையான ஏற்பாட்டின் காரணம், காப்பகம் முந்தியதா சாலை முந்தியதா என்ற கேள்வியில் அடங்கியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் காப்பகமே முந்தியது. 1898-இல் சாபி ஆற்றுப் பகுதி காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 1926-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட பின்னரே, 1927-இல் பார்வையாளர் கார்கள் அங்கு அனுமதிக்கப்பட்டன. முதலாண்டில் வந்தவை மூன்றே கார்கள் எனப் பதிவாகியுள்ளது. அதன்பின் அமைந்த சாலைகள் யாவும் நீர்நிலைகளையும் மேய்ச்சல் வெளிகளையும் நாடிச் செல்லும்படி, பார்வையாளருக்காகவே போடப்பட்டவை. அந்தி சாய்வதற்குள் வாயிலையோ முகாமையோ அடைந்துவிட வேண்டும், குறிப்பிட்ட இடங்களிலன்றி வேறெங்கும் வண்டியிலிருந்து இறங்கக் கூடாது, தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதிகளோடு காரோட்டியின் கையிலேயே காட்டை ஒப்படைக்கும் முறை அங்கு வேர்கொண்டது. ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காட்டில் அது இயலும். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி 321 சதுர கிலோமீட்டர் மட்டுமே.

கூடலூர் வட்டாரத்தின் கதை நேர்மாறானது. இது தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1877-இல் நீலகிரியுடன் இணைக்கப்பட்ட நிலம். இங்குள்ள காடுகளில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்துக்கு ஜென்மம், அதாவது மலபார் வழக்கில் வழிவழியாக வரும் முழு நிலவுடைமை, என்ற முறையில் உரியதாக இருந்தது. தேக்குக்காக அக்காட்டைக் கோவிலகத்திடமிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குத்தகைக்கு எடுத்தபோது அரசின் கண் மரத்தின்மேல் இருந்ததேயன்றி விலங்கின்மேல் இல்லை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து மாயாற்றைக் கடந்து கூடலூர் வந்து, ஒரு கிளை நடுவட்டம் வழியாக உதகைக்கு ஏறவும் மற்றவை மலபாருக்கு இறங்கவும் செய்த பாதை அதற்கு முன்பே வணிகர் நடமாட்டம் மிக்கதாக இருந்தது. 1879-க்கும் 1882-க்கும் இடையில் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் லண்டன் முதலீட்டாளர்கள் கொட்டிய பணம் வீணாய்ப் போனது. அங்கு காப்பியும், பின்னர் தேயிலையும் நிலைத்தன. பாதையில் வண்டிகள் குறையவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பியர் விலங்கைக் கண்டது பெரும்பாலும் துப்பாக்கி முனையில்தான். காட்டு யானைகளைக் காக்கச் சென்னை மாகாணம் 1873-இல் ஒரு சட்டம் இயற்றியது; 1877-இல் வேட்டைக்காரர்களே கூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தை நிறுவினர்; 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம், தடைக்காலம் ஆகியவை இவற்றால் நடைமுறைக்கு வந்தன. தடைக்காலம் என்பது இனப்பெருக்கத்தின் பொருட்டு வேட்டை நிறுத்திவைக்கப்படும் மாதங்களைக் குறிக்கும். வேட்டையாட ஏதேனும் எஞ்ச வேண்டும் என்ற கவலையில் பிறந்த பாதுகாப்பு இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வரையாடும் கடமானும் இன்று மிஞ்சியிருப்பதில் அக்கவலைக்கும் பங்குண்டு. அச்சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு காட்டுயிர், சுற்றுச்சூழல் அமைப்பாக இன்றும் இயங்கி வருகிறது.

1940-இல் முதுமலையில் ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது நெடுஞ்சாலை ஏற்கெனவே அங்கிருந்தது. 1956-இல் சரணாலயம் 295 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது கூடலூரை அடுத்த தொரப்பள்ளியிலிருந்து கர்நாடக எல்லையான கக்கநல்லா வரையிலான ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சாலையும் காட்டின் நடுவில் வந்து அமைந்தது. சாலையின் இருபுறமும் காப்பகம் வளர்ந்ததேயொழிய, காப்பகத்துக்காகச் சாலை வளரவில்லை. காரில் வந்த பார்வையாளருக்குக் காடு தன்னைக் காட்டியதும் இதனால்தான். அதே காரணத்தால்தான் அக்காரை உள்ளே விட வனத்துறை பிற்பாடு மறுத்தது.

இந்தக் காட்டைத் தமிழர் ஒருவர் ஒளிப்படக் கருவியால் முறையாக ஆராய்ந்தது மா. கிருஷ்ணன் (1912–1996) வருகையால்தான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், 1968 முதல் 1970 வரை ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையின் கீழ்த் தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றிச் செய்த களப்பணியில் முதுமலைக்குப் பெரும் இடம் தந்தார். ஒரு நிறுவனத்தின் கருவி உடலில் வேறு நிறுவனத்தின் லென்சைத் தாமே பொருத்தி, சூப்பர் பாண்டெரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்ட அவருடைய கருவி கனமானது. படங்கள் அனைத்தும் கருப்பு வெள்ளை. அவர் காரை நம்பவில்லை. தெப்பக்காட்டு முகாமின் சவாரி யானைகளின் முதுகிலிருந்தும் கால்நடையாகவும் அவர் பணி நடந்தது. தெப்பக்காடு முகாம் மரம் இழுக்கும் யானைகளுக்காக 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாயாற்றங்கரையில் உருவானது; அங்கு யானைகளைப் பராமரித்த பாகன்களிலும், பாகனுக்கு உதவியாளரான காவடிகளிலும் குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினர் மிகுதி. யானை முதுகில் அமர்ந்தவரைக் காட்டு யானை மனிதராகக் கருதுவதில்லை. வளர்ப்பு யானையின் வாடை மனித வாடையை மறைத்துவிடுகிறது. இந்த உண்மையைப் பாகன்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். கிருஷ்ணனின் படங்களில் யானைகள் கலவரமின்றி மேய்வதற்கு அவருடைய பொறுமை எவ்வளவு காரணமோ, பெயர் பதிவாகாத அப்பாகன்களின் திறமையும் அவ்வளவு காரணம்.

அதே காலத்தில் நீலகிரி வழக்கறிஞரான இ.ஆர்.சி. டேவிதார், முதுமலையின் கிழக்குப் பக்கத்து ஊரான மசினகுடியை அடுத்த சீகூர்ப் பகுதியில் வீடு கட்டி, விலங்குகள் வாசலுக்கு வந்துபோக விட்டு அவற்றைக் கவனித்தார். 1970-களில் வரையாடுகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டதும், யானைகளின் வலசைப் பாதைகளைப் பற்றி எழுதியதும் அவரே. ஒருவர் யானையேறிப் போய்ப் பார்த்தார். மற்றவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

காரிலிருந்து பார்ப்பவருக்கு எந்த அளவு காடு தெரிகிறது என்பதும் ஆராயத்தக்கது. முதுமலையின் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்வதால் அடர்ந்த ஈர இலையுதிர் காடாகவும், கிழக்கே மசினகுடிப் பக்கம் மலை மறைவால் மழை குன்றி முட்புதர்க் காடாகவும் உள்ளது. இரண்டிலும் உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுப் புதர் பரவிப் பார்வையை மறைப்பதால், சாலையோரங்களை வனத்துறை ஆண்டுதோறும் வெட்டித் துப்புரவு செய்கிறது. தீத்தடுப்புக்கும் இது பயன்படும். வெட்டிய இடத்தில் மழைக்குப்பின் இளம்புல் தழைக்க, புள்ளிமான்களும் காட்டுமாடுகளும் அங்கே கூடுகின்றன. மான்களைத் தொடர்ந்து செந்நாய்க் கூட்டமும் சில நேரம் வருகிறது. பயணி ‘இயற்கை’ என்று படமெடுத்துச் செல்லும் காட்சியில் அரிவாளுக்கும் பங்கு உண்டு. காரை விலங்கு அஞ்சாததற்கும் எளிய விளக்கம் உள்ளது: உடல் முழுதும் தெரியும் மனித உருவமே அதற்கு ஆபத்தின் அடையாளம், ஓசையின்றி நிற்கும் வண்டிக்குள் அவ்வுருவம் கலைந்துவிடுகிறது. கதவைத் திறந்து ஒருவர் காலை வெளியே வைத்ததும் மான் கூட்டம் சிதறுவதும், கன்றோடு நிற்கும் பெண் யானை காதை விரித்து முன்னேறுவதும் இதனால்தான்.

மசினகுடியின் வளர்ச்சிக்கு மின்சாரம் ஒரு பெருங்காரணம். 1932-இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையமும், 1950-களில் மாயாறு மின்நிலையமும் இயங்கத் தொடங்கியபோது வந்த தொழிலாளர் குடியிருப்புகள் அவ்வூரைப் பெருக்கின. அவற்றின் பின்னே சுற்றுலா விடுதிகள் முளைத்தன. காப்பகத்துக்குள் தனியார் வண்டிக்கு இடமில்லாததால், இரவில் ஜீப்பில் ஏற்றிக் காட்டோரம் சுற்றிக்காட்டும் சட்டவிரோதச் சவாரியும் விடுதிகளை ஒட்டித் தொழிலானது. அவ்விடுதிகள் நின்ற நிலம், கிழக்கு மலைத்தொடர்க் காடுகளை முதுமலையோடு இணைக்கும் யானை வழித்தடம். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழித்தடத்தை உறுதிசெய்தது. 2018-இல் பல விடுதிகளை மூடி முத்திரையிட உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபரில் உயர்நீதிமன்றத் தீர்ப்பை அது நிலைநிறுத்தியது. மறு ஆண்டு ஜனவரியில், விடுதி வளாகம் ஒன்றிலிருந்து தீப்பற்றிய பொருள் ஒன்று வீசப்பட்டுக் காதில் புண்பட்ட யானை இறந்தது. காட்டைக் காட்டிப் பிழைப்பதற்கும் காட்டு விலங்கைத் துரத்துவதற்கும் இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதை அச்செய்தி நாட்டுக்குச் சொன்னது.

காப்பகத்தின் பொருட்டு மனிதரும் இடம்பெயர்ந்தனர். 2007 ஏப்ரலில் முதுமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, உள்ளே நெல் பயிரிட்டு வாழ்ந்த செட்டிகளும் பழங்குடியினரும் அய்யன்கொல்லி முதலிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குரூகரின் வடகோடியில் 1969-இல் வெளியேற்றப்பட்ட மகுலேகே மக்களுக்கு 1998-இல் நில உரிமை திரும்பக் கிடைத்தது. அங்கு அவர்கள் இன்று சுற்றுலாவின் பங்குதாரர்கள். கூடலூரில் 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் வழக்குகளே இன்னும் முடியாத நிலையில், அத்தகைய பங்கு பற்றிய பேச்சே எழவில்லை.

சாலைப் போக்குவரத்தின் மீதான கட்டுப்பாடு இரவிலிருந்து தொடங்கியது. 2009-இல் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம், எல்லைக்கு அப்பால் உள்ள பந்திப்பூர்க் காட்டின் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தைத் தடைசெய்தது. 2010 மார்ச்சில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய, தொடர்ச்சியான முதுமலைப் பகுதியிலும் அதே நேரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆம்புலன்சுகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. கூடலூர் வணிகர்கள் இதை இழப்பாகவே கருதினர். கக்கநல்லாவில் விடியலுக்காக நிற்கும் லாரி வரிசையைக் கண்டவர் அக்குறையைப் புறக்கணிக்க மாட்டார். 2012 ஜூலையில் புலிகள் காப்பக மையப்பகுதிகளில் சுற்றுலாவையே உச்சநீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தி, புதிய நெறிமுறைகள் வந்தபின் அக்டோபரில் தளர்த்தியது. மையப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பது அந்நெறிமுறைகளில் ஒன்று. இன்று ஒளிப்படக் கலைஞர் தெப்பக்காட்டில் சீட்டு வாங்கி, வனத்துறை வண்டியில், ஓட்டுநர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தும் நேரம் வரை மட்டுமே படமெடுக்க முடியும். சொந்தக் காரில் நெடுஞ்சாலையில் செல்பவர் நிறுத்தினாலோ இறங்கினாலோ அபராதம் கட்ட வேண்டியிருக்கும். வேகத்தடைகளின்மேல் வண்டி ஊர்ந்து ஏறி இறங்கும் சில நொடிகளே அவருக்குக் காட்டைப் பார்க்கக் கிடைக்கும் அவகாசம்.