இலையுதிர் காலத்து மந்தை: அமெரிக்க மேற்கின் மாட்டுப்பண்ணையும் குடும்பமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், குறிப்பாக வயோமிங், மொன்டானா மாநிலங்களில், ‘ரான்ச்’ என்று வழங்கும் பெரும் மேய்ச்சல் பண்ணைகளுக்கு, கன்று ஈனும் காலத்தை விட்டால், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரையிலான வாரங்களே மிகக் கடுமையான வேலைக்காலம். கோடை முழுவதும் மலைமேய்ச்சலில் இருந்த மந்தையைக் கீழே இறக்குவது, தாயிடமிருந்து கன்றைப் பிரிப்பது, சினை பார்ப்பது, விற்ற கன்றுகளை எடைபோட்டு ஏற்றி அனுப்புவது ஆகிய அனைத்தும் பனி இறுகுவதற்குள் முடிந்தாக வேண்டும். இவற்றைச் செய்வோரில் பெரும்பாலோர் கூலியாட்கள் அல்லர், பண்ணைக் குடும்பத்தினரும் அண்டைப் பண்ணைக் குடும்பங்களுமே. இந்த ஏற்பாடு தொடக்கம் முதலே இருந்துவந்ததுபோலத் திரைப்படங்கள் காட்டினாலும், அங்கே மாடு வளர்ப்பைப் பெருந்தொழிலாக்கிய முதல் தலைமுறையின் இலையுதிர் வேலையில் குடும்பத்துக்கு ஏறக்குறைய இடமே இருக்கவில்லை. அது உள்ளே வந்தது ஒரு குளிர்காலப் பேரழிவுக்கும், நிலச் சட்டங்களுக்கும், உலர்புல்லுக்கும் பிறகுதான்.

1860களின் இறுதியில் டெக்சாஸிலிருந்து மந்தைகள் வடக்கே ஓட்டப்பட்டபோது, அப்பகுதியின் சமவெளி ஆளில்லா நிலமாக இருக்கவில்லை. ஷோஷோனி, குரோ, லகோட்டா முதலிய பழங்குடிகள் காட்டெருமையை நம்பி வாழ்ந்த அப்புல்வெளியில், தோல் வணிகர்களின் துப்பாக்கிகள் 1883ஆம் ஆண்டளவில் வடபகுதிக் காட்டெருமைக் கூட்டங்களை ஏறத்தாழ அற்றுப்போகச் செய்தன; பழங்குடிகள் ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளுக்குள் அடைக்கப்பட்டனர்; அவ்வாறு வெறுமையாக்கப்பட்ட புல்லின் மீதுதான் மாடு வந்து நின்றது. அரசுக்கு உரிய அந்நிலத்தில் யாரும் வாடகையின்றி மேய்க்கலாம், வேலி கிடையாது, ஒருவர் மாடும் மற்றவர் மாடும் கலந்தே திரியும், உடலில் இட்ட சூட்டுக்குறி ஒன்றே உடைமைக்குச் சான்று என்ற இந்த முறையைத் திறந்தவெளி மேய்ச்சல் என்பர். யூனியன் பசிபிக் இருப்புப்பாதை 1867இல் செயேன் நகரை எட்டியதும், 1865இல் திறக்கப்பட்ட சிகாகோ மாட்டுச் சந்தைக்கு வயோமிங்கின் புல்லை இறைச்சியாக்கி அனுப்பும் வழி பிறந்தது.

ஆண்டுக்கு இருமுறை மந்தைகளைத் திரட்டுவது வழக்கமாயிற்று. வசந்தத்தில் புதுக்கன்றுகளுக்குச் சூடு போடுவர். இலையுதிர் காலத்தில், மூன்று நான்கு ஆண்டு புல் தின்று கொழுத்த காயடித்த எருதுகளை மட்டும் பிரித்து இருப்புப்பாதை நிலையத்துக்கு ஓட்டுவர். 1884இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியாக, குறியில்லாத கன்றுகளைக் கையகப்படுத்தி விற்கும் உரிமையும் திரட்டல்களை நடத்தும் அதிகாரமும் வயோமிங் மாட்டு உடைமையாளர் சங்கத்தின் கைக்கு வந்தன. திரட்டும் குழு வாரக்கணக்கில் வெட்டவெளியிலேயே கிடக்கும். சமையலறையும் கிடங்கும் தலைமையகமும் பண்ணையாளர் சார்ல்ஸ் குட்நைட் 1866இல் வடிவமைத்த சமையல் வண்டிதான். உணவு சமைப்பவர் முதல் குதிரை மேய்க்கும் சிறுவன் வரை எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் மணமாகாதவர்கள், மாதம் 30 முதல் 40 டாலர் வரை கூலி பெறுபவர்கள். எருதுகள் சரக்கு வண்டியில் ஏறியதும் அவர்களில் பெரும்பாலோருக்கு வேலையும் முடிந்துவிடும். வசந்தம் வரை சம்பளமின்றி, பண்ணைக்குப் பண்ணை ஏறியிறங்கிச் சோற்றுக்கு மட்டும் சில்லறை வேலை செய்து காலம் கடத்துவோர் பலர். அவர்களைப் பொறுத்தவரை இலையுதிர் காலம் ஒன்றுகூடும் பருவம் அன்று, கலைந்துபோகும் பருவம்.

அவர்கள் குடும்பம் அமைக்காமல் போனதற்குச் சுதந்திர வேட்கையைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் கணக்கேடுகள் வேறொன்றைச் சொல்லுகின்றன. சொந்தமாகச் சில மாடுகளும் ஒரு குறியும் வைத்திருந்த கூலியாளை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று பெரும் உடைமையாளர்கள் தமக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தனர், ஏனெனில் சொந்தக் குறி உள்ளவன் குறியில்லாக் கன்றுகளைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வான் என்பது அவர்களது அச்சம். பண்ணைகளின் உரிமையாளர்களோ பலவேளை அங்கே இல்லவே இல்லை. 1880இல் தொடங்கிய பிரெய்ரி மாட்டு நிறுவனமும் 1883இல் தொடங்கிய ஸ்வான் நில மாட்டு நிறுவனமும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ முதலீட்டாளர்களின் பணத்தில் நடந்தவை. மந்தையை நேரில் எண்ணாமல், தொடக்கத்தில் வாங்கியதாக எழுதிய தொகையுடன் பிறந்திருக்கக்கூடிய கன்றுகளைக் கூட்டிச் செத்திருக்கக்கூடியவற்றைக் கழித்துக் காகிதத்திலேயே மந்தையை வளர்த்தனர். புல்வெளியின் மாடுகள் ஏட்டின் வேகத்தில் பெருகவில்லை என்பது வெளிப்பட ஒரு கடுங்குளிர் போதுமானதாயிற்று.

1886ஆம் ஆண்டுக் கோடை வறண்டது. அளவுக்கு மீறி மாடுகள் நின்ற புல்வெளி இலையுதிர் காலத்துக்குள் தேய்ந்துவிட்டது. நவம்பரிலேயே கனத்த பனி விழுந்தது. இடையில் சற்றே உருகிய பனி மீண்டும் உறைந்து கண்ணாடித் தகடாகப் புல்லை மூடியதால், மாடுகளால் குளம்பால் கிளறியும் தின்ன முடியவில்லை. வசந்தத்தில் பள்ளங்களெங்கும் பிணங்கள் கிடந்தன. டகோட்டாவில் பண்ணை நடத்திய, பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். ஸ்வான் நிறுவனம் 1887இல் நொடித்தது. மொன்டானாவின் ஜூடித் பள்ளத்தாக்கில் மேய்ச்சல் ஆளாக இருந்த சார்ல்ஸ் ரஸ்ஸல், மாடுகளின் நிலையைக் கேட்டெழுதிய முதலாளிக்கு விடையாக, ஓநாய்கள் சூழ எலும்பும் தோலுமாய் நிற்கும் ஒரு மாட்டை அஞ்சலட்டை அளவுத் தாளில் வரைந்ததாகக் கூறப்படும் ஓவியம் அவரைப் புகழ்பெறச் செய்தது. அதே பகுதியின் பண்ணையாளர் கிரான்வில் ஸ்டூவர்ட், தீனியும் கூரையும் தரமுடியாத ஒரு விலங்கைக்கூட இனி வைத்திருக்கப்போவதில்லை என்ற முடிவுக்கு வந்தார். வயோமிங்கின் மேல் கிரீன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இதே பாடம் 1889–90 குளிர்காலத்தில் கிடைத்தது.

தீனி தரவேண்டும் என்ற ஒரே முடிவு தொழிலின் உடலையே மாற்றிவிட்டது. உலர்புல், அதாவது கோடையில் அறுத்து வெயிலில் காயவைத்துப் போராக அடுக்கும் புல், வேண்டுமென்றால் ஆற்றோரத்தில் சொந்தப் புல்நிலம் வேண்டும்; அதற்கு வாய்க்கால் வெட்டவேண்டும்; மாடு உள்ளே புகாமல் வேலியிடவேண்டும். வேலிக்கு, ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி இருந்தது. நிலத்துக்கு, குடியேறி ஐந்தாண்டு வாழ்ந்து பண்படுத்துவோருக்கு 160 ஏக்கர் தரும் 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமும், நீர் பாய்ச்ச முன்வருவோருக்கு 640 ஏக்கர் விற்கும் 1877ஆம் ஆண்டுப் பாலைநிலச் சட்டமும் இருந்தன. ஒரே இடத்தில் வாழ்ந்து காட்டினால்தான் நிலம் என்ற விதி, எடின்பரோவிலிருந்து ஆள்வோரைவிட வீடு கட்டி அடுப்பு மூட்டியவருக்கே சாதகமாக அமைந்தது. பெருமுதலாளிகள் இதை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை: 1892 ஏப்ரலில் அவர்களது ஆதரவுடன் டெக்சாஸிலிருந்து கூலிக்கு அமர்த்திய துப்பாக்கிக்காரர்கள் வயோமிங்கின் ஜான்சன் மாவட்டத்துக்குள் சிறு பண்ணையாளர்களைக் கொல்லப் புறப்பட்டு, இருவரைக் கொன்றபின் ஊராரால் முற்றுகையிடப்பட்டு, இராணுவத்தால் மீட்கப்பட்டனர்.

குடும்பப் பண்ணை நிலைத்தபின் பெண்களின் உழைப்பு ஆவணங்களில் தென்படத் தொடங்குகிறது. வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க் பகுதிக்கு 1909இல் வீட்டுவேலைக்காரியாக வந்து, சில வாரங்களிலேயே அப்பண்ணையாளரான கிளைடு ஸ்டூவர்ட்டை மணந்த எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட் எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாயின. வந்த ஆண்டின் புல் அறுவடைக்கு ஆள் தேடிக் கணவர் வெளியே சென்றிருந்த வேளையில், இளமையில் கற்றிருந்த புல்லறுக்கும் இயந்திர ஓட்டத்தைத் தாமே தொடங்கி வைத்ததை அவர் எழுதியிருக்கிறார். திருமணத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவர் தம் பெயரில் பதிந்த நிலம் பின்னர் மாமியார் பெயருக்கு மாற நேர்ந்தது. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே குடியிருப்பைக் காட்டவேண்டும் என்ற சட்டம் அவர் அந்நிலத்தை வைத்துக்கொள்ள இடந்தரவில்லை. அவரைப் போன்ற பலரின் உழைப்பு பண்ணையைக் காத்தது, பத்திரத்தில் அவர்கள் பெயர் அருகியே இருந்தது என்பதைப் பண்ணைக் குடும்பத்தைப் போற்றும் நூல்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன.

இவ்வாறு உருவான பண்ணையில், ஆற்றோரப் புல் குளிர்காலத் தீனிக்காகப் போரில் ஏறவேண்டியிருந்ததால், மந்தை கோடையைக் கழிக்க வேறிடம் தேவைப்பட்டது. அந்த இடம் மலைக்காடு. காட்டுத்துறை 1905இல் அமைந்து, மறு ஆண்டு முதல் மேய்ச்சலுக்குக் கட்டணம் விதித்தது. 1934ஆம் ஆண்டு டெய்லர் மேய்ச்சல் சட்டம் மலைக்குக் கீழேயுள்ள அரசு நிலங்களையும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. மந்தை வசந்தத்தில் ஏறி இலையுதிர் காலத்தில் இறங்கும் சுழற்சி இதனால் இறுகியது. மேல் கிரீன் ஆற்றுப் பகுதியின் ‘டிரிஃப்ட்’ எனப்படும் மாட்டுப்பாதை இதற்குச் சிறந்த சான்று. 1890களிலிருந்து பயன்பட்டுவரும் அதன் முதன்மைத் தடம் ஏறத்தாழ 58 மைல்; பல குடும்பங்களின் மந்தைகள் ஒன்றாகக் கோடைக்கு மேலே ஓட்டப்படுகின்றன. கீழிறங்குவதற்கோ பெரிதாக ஓட்டவேண்டியதில்லை. முதல் பனி விழுந்து உயரப் புல் சுவை கெட்டதும், முதிய பசுக்கள் தாமாகவே வழியறிந்து இறங்க, மற்றவை பின்தொடர்கின்றன. வேலியருகே குதிரை மீது காத்திருக்கும் குடும்பங்கள், குறியும் காதுவில்லையும் பார்த்துத் தத்தம் மாடுகளைப் பிரித்துக்கொள்கின்றன. திறந்தவெளிக் காலத்தின் திரட்டல் முறைக்கு இன்றும் உயிருள்ள எச்சம் இதுவே.

பிரித்துக் கொண்டுவந்தபின் வேலை நுணுக்கமாகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் பிறந்த கன்றுகள் இப்போது ஆறேழு மாதத்தவை, பெரும்பாலும் 200 முதல் 270 கிலோ எடையுள்ளவை. பால் மறக்கச் செய்யக் கன்றுகளைத் தனிப் பட்டியில் அடைத்ததும், தாயும் கன்றும் மூன்று நான்கு நாள் இரவு பகலாகக் கதறும். பண்ணை வீட்டில் அந்நாட்களில் யாருக்கும் உறக்கம் இருக்காது. அடுத்து மருத்துவர் வருவார். அசையவிடாமல் பிடிக்கும் இரும்புக் கூண்டுக்குள் பசுவை ஒவ்வொன்றாக நிறுத்தி, தோள்வரை நீண்ட உறை அணிந்த கையால் குடல்வழி கருப்பையைத் தடவி, சினை உண்டா, எத்தனை மாதம் என்று அவர் உரக்கச் சொல்ல, ஒருவர் ஊசி போட, ஒருவர் பல்லைப் பார்த்து வயது கணிக்க, குடும்பத்தின் சிறுவனோ சிறுமியோ காதுவில்லையின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவது வழக்கம். சினை பிடிக்காத பசு பெரும்பாலும் விற்கப்படும். பனி மூடிய காலத்தில் ஒரு பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர்புல் தின்னும் என்பதால், ஐந்து மாதம் கன்றில்லாத பசுவுக்குத் தீனி போடுவது அறுத்த உழைப்பை வீணாக்குவதாகும். பழகிய பசுவொன்று அந்தப் பட்டியலில் சேரும்போது பிள்ளைகள் எதிர்ப்பதும், பெரியவர்கள் போரின் உயரத்தைக் காட்டி மறுப்பதும் உண்டு.

கன்றுகளை ஏற்றியனுப்பும் நாளே உச்சம். மாநிலத்தின் குறி ஆய்வாளர் வந்து ஒவ்வொரு கன்றின் குறியையும் பார்த்துச் சான்றளிக்காமல் கன்று பண்ணையைவிட்டு வெளியேற முடியாது. திருட்டைத் தடுக்கத் திறந்தவெளிக் காலத்தில் பிறந்த இந்தப் பணி இன்றும் நீடிக்கிறது. விலை எடைக்கேற்பக் கணக்கிடப்படுவதாலும், வழியில் கன்று இளைப்பதை ஈடுசெய்ய வாங்குபவர் இரண்டு அல்லது மூன்று விழுக்காடு கழித்துக்கொள்வதாலும், அன்று காலை மாட்டை விரட்டாமல் மெல்ல நடத்துவது பணத்தைக் காப்பதாகும். கூச்சலிட்டுக் குதிரையை ஓடவிடும் இளையோரைப் பாட்டன்மார் கடிந்துகொள்வதற்கு ஒழுக்கம் மட்டும் காரணமல்ல.

இத்தனைக்கும் ஆள்பலம் வேண்டும், அதற்குக் கூலி கொடுத்துக் கட்டாது. எனவே ஒருவர் கன்று ஏற்றியனுப்பும் நாளுக்கு அண்டையார் வருவதும், அவர்கள் நாளுக்கு இவர் குடும்பத்தோடு போவதும் கடன்போலக் கணக்கில் நிற்கிறது; தமிழ்நாட்டு உழவர்களின் மொய்யாள் முறைக்கு இதை ஒப்பிடலாம். நண்பகல் உணவு வந்தவர் அனைவருக்கும் பண்ணைவீட்டில்தான். அந்த மேசையில்தான் ஊர்ச்செய்தி, விலை, சம்பந்தப் பேச்சு எல்லாம் நடக்கும். குடும்பம் ஒன்றுகூடும் நேரம் என்று அங்கே நினைவுகூரப்படுவதில் பெரும்பகுதி, ஓய்வு நேரம் அன்று, வேலையின் இடைவெளியே. வேலை முடிந்தபின் வரும் எல்க் மான் வேட்டையும் நவம்பரின் நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் திருநாளும் மட்டுமே இதற்கு விலக்கு. முன்னதும் குளிர்கால இறைச்சிக்கான வேலைதான் என்று வாதிடுவோர் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மக்காச்சோளம் ஊட்டிக் கொழுக்கவைக்கும் தீவனக்கூடங்கள் நெப்ராஸ்காவிலும் கான்சாஸிலும் பெருகியதால், நான்கு வயது எருதுக்குப் பதில் ஆறேழு மாதக் கன்றையே விற்பது வழக்கமாயிற்று. அதன் விளைவாகப் பண்ணையின் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி ஒரே காசோலையாக இலையுதிர் காலத்தில் வந்து, வங்கிக் கடனாகவும் மேய்ச்சல் கட்டணமாகவும் சில வாரங்களில் கரைகிறது. 1980களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள் வழிக் காணொளி ஏலம் பரவியதால், கோடையிலேயே விலை பேசி இலையுதிர் காலத்தில் ஒப்படைப்பதும் இயல்பாகிவிட்டது; விலையின் பதற்றம் ஜூலைக்கு நகர்ந்து, அக்டோபருக்கு உடலுழைப்பு மட்டும் மிஞ்சியது.

அந்த உழைப்புக்குக் கைகள் குறைந்துவருகின்றன. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்க உழவரின் சராசரி வயது 58.1. கிரீன் ஆற்று ‘டிரிஃப்ட்’ 2013இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் மரபுவழிப் பண்பாட்டு உடைமையாகச் சேர்க்கப்பட்டபோது, கட்டடமோ போர்க்களமோ அன்று, ஆண்டுதோறும் தொடரும் ஒரு வேலையே பாதுகாக்கத்தக்கதென ஏற்கப்பட்டது. ஆனால் பதிவேடு மாட்டைப் பிரித்துத் தருவதில்லை. ஒப்பந்தம் ஒப்படைப்புக்குச் சில நாட்களை இடைவெளியாகத் தருவதால், பல பண்ணைகள் திரட்டலையும் பிரிப்பையும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்கின்றன. டென்வரிலும் பில்லிங்ஸிலும் அலுவலக வேலையில் இருக்கும் பிள்ளைகள் வெள்ளி இரவு வண்டியோட்டி வந்து குதிரையேற, ஞாயிறு மாலை திரும்பிப்போக அதுவே வசதி.