பலகோணமும் பக்தாதின் கைவினைஞர்களும்

நடுநிலைப் பள்ளி மாணவருக்குப் பலகோணம் அறிமுகமாகும் முறையை நாம் அனைவரும் அறிவோம். மூன்று பக்கங்கள் உடையது முக்கோணம், ஐந்து உடையது ஐங்கோணம், ஆறு உடையது அறுகோணம் என்று கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதப்படும். மாணவர் அதனை மனனம் செய்வார், தேர்வில் ஒப்புவிப்பார். ஓர் உருவம் கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதும் உண்மையிலேயே சரியாக இருப்பதும் ஒன்றுதானா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுவதேயில்லை. வடிவியல் கல்வியின் தலைவாயிலே இவ்வினாதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் இதே வினா ஒரு நூலாக உருவெடுத்தது. அந்நூலின் வழியே நம் வகுப்பறையை ஒருமுறை நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

அந்நூலின் ஆசிரியர் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி அவர்கள். ஹிஜ்ரி 328, அதாவது கி.பி. 940-ஆம் ஆண்டு, குராசான் பகுதியிலுள்ள பூஸ்ஜானில் பிறந்தார்கள். 959-இல் பக்தாத் வந்து, 998-இல் மறையும்வரை புவைஹிய ஆட்சியாளர்களின் ஆதரவில் வானியலிலும் கணிதத்திலும் அரும்பணி ஆற்றினார்கள். எழுத்தர்களுக்கும் அலுவலர்களுக்கும் வேண்டிய கணக்கியல் நூல் ஒன்றை முதலில் எழுதினார்கள். பிற்காலத்தில் இயற்றியதே நாம் குறிப்பிடும் நூல்: 'கிதாபு ஃபீமா யஹ்தாஜு இலைஹிஸ் ஸானிஉ மினல் அஃமாலில் ஹந்தஸிய்யா'. கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் செயல்முறைகள் பற்றிய நூல் என்பது இதன் பொருள்.

அளவுகோல், கவராயம், மூலைமட்டம் ஆகிய கருவிகளில் தொடங்கி, ஒழுங்குப் பலகோணங்களை வரைதல், வட்டத்துள் அவற்றை அமைத்தல், உருவங்களைப் பகுத்தல், கோளத்தின் பரப்பைப் பிரித்தல் என நூல் விரிகிறது. கைவினைஞர்களை எண்ணி எழுதப்பட்டமையால் நிறுவல்கள் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டுள்ளன. எனினும் நிறுவலின் தேவையை இந்நூலைப் போல் தெளிவாக உணர்த்துபவை மிகச் சிலவே.

வடிவியல் அறிஞர்களும் கைவினைஞர்களும் ஒருங்கே கூடிய அவை ஒன்றை ஆசிரியர் அதில் நினைவுகூர்கிறார்கள். சமமான மூன்று சதுரங்களைக் கொண்டு ஒரே சதுரம் அமைப்பது எவ்வாறு என்பது அங்கு எழுந்த சிக்கல். அறிஞர்கள் தேவையான பக்கநீளத்தை எளிதில் வரைந்து காட்டினர். ஆனால் கையிலுள்ள துண்டுகளை எங்கே வெட்டி எங்கே பொருத்துவது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை, கைவினைஞர்கள் நிறைவடையவில்லை. மறுபுறம், கைவினைஞர்கள் வெட்டிப் பொருத்திக் காட்டிய முறைகளில் சில பிழையானவை. அவற்றுள் ஒன்றில் கிடைத்த உருவத்தின் கோணங்கள் செங்கோணங்கள், பக்கங்களும் சமம். பார்ப்பவர் அதனைச் சரியென்றே கொள்வர். ஆயின் அதன் பக்கம், சிறு சதுரத்தின் பக்கத்தோடு அதன் மூலைவிட்டத்தில் பாதியைக் கூட்டிய அளவு. சிறு சதுரத்தின் பக்கம் 1 எனில் இது சுமார் 1.707. வேண்டிய அளவோ 3-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.732. கண்ணை ஏமாற்றிய இவ்வேறுபாட்டைக் கணக்கு காட்டிக்கொடுத்தது.

இருசாராரின் குறையையும் எடுத்துரைத்த அபுல் வஃபா அவர்கள், இருவருக்கும் ஏற்ற தீர்வு ஒன்றைத் தந்தார்கள். இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தின் வழியே வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாம் சதுரத்தை வெட்டாமல் நடுவில் வைத்து, ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தையும் சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தோடு, ஒரு முனையில் தொடங்கி, ஒரே சுழற்சித் திசையில் பொருத்த வேண்டும். பின்னர் நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் பெரிய சதுரம் தோன்றும். கோட்டுக்கு வெளியே நீளும் சிறு துண்டுகள் உள்ளேயுள்ள இடைவெளிகளில் மிகச்சரியாக அமர்ந்துவிடும். வெட்டுபவர் கைக்கும் நிறுவுபவர் அறிவுக்கும் இது ஒருங்கே பொருந்துகிறது.

தோராயத்தை அவர்கள் அறவே ஒதுக்கவுமில்லை. வட்டத்துள் ஒழுங்கு எழுகோணம் வரைய, அதே வட்டத்துள் அமையும் சமபக்க முக்கோணத்தின் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும் எளிய வழியை நூலில் தருகிறார்கள். இது சரியான அளவை நெருங்குவதேயன்றி அதனை எட்டுவதில்லை. அவர்கள் காலத்தவரான அபூ சஹ்ல் அல்-கூஹி அவர்கள், கூம்பு வெட்டுகளின் துணையால் எழுகோணத்தைத் துல்லியமாக அமைத்தார்கள். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அதனைத் துல்லியமாக வரைய இயலாது என்பது 1837-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் வான்ட்செலால் நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது கடினமன்று. 10 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றை மாணவர் வரையட்டும். கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேல் அடியெடுத்து வைத்தால், ஆறாம் அடி தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேரும், அறுகோணம் பிறக்கும். அடுத்து விரிவை 8.66 செ.மீ. ஆக்கி ஏழு அடிகள் வைக்கட்டும். ஏழாம் அடி தொடங்கிய புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் நின்றுவிடும். பென்சிலின் தடிப்பா, கையின் நடுக்கமா, முறையிலேயே குறையா என்று மாணவர் வினவுவார். அவ்வினா எழுந்த கணத்தில் நிறுவலின் தேவை அவருக்கு விளங்கிவிடும். ஆறு எப்படிச் சரியாக மூடியது என்று அடுத்துக் கேட்டால், ஆறு சமபக்க முக்கோணங்கள் மையத்தைச் சூழ்ந்திருப்பதும், ஒவ்வொன்றும் 60 பாகைக் கோணம் கொண்டிருப்பதும் அவர் கண்டறியும் உண்மைகளாகும். பெயர்ப் பட்டியல் அதன்பின் வரட்டும்.

நம் முன்னோரின் அறிவியல் பணிகளை நாம் பெருமிதத்தோடு பேசுகிறோம், அதில் தவறில்லை. ஆயின் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் ஒப்புவிப்போமாயின், பலகோணத்தின் பெயர்களை மனனம் செய்யும் மாணவருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. அபுல் வஃபா அவர்கள் கைவினைஞரை இகழவில்லை. அறிஞரையும் குறையற்றவராகக் கொள்ளவில்லை. உழைப்பவரின் சிக்கலைத் தம் சிக்கலாக ஏற்று, சரியெனத் தோன்றியதைச் சோதித்து, பிழையைப் பிழையென உரைத்தார்கள். நம் பள்ளிகளிலும் மத்ரஸாக்களிலும் வடிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு தாளும் கத்தரிக்கோலும் மூன்று சதுரங்களும் கொண்டு பாடத்தைத் தொடங்குவார்களாயின், அப்பெரியாரின் மரபு பெருமைப் பேச்சாக அல்லாமல் பயிற்சியாகவே தொடரும்.