வெகுளியும் உவகையும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

இன்று நாம் இருதுருவ மனநோய் என வழங்குவதை ஒரே நோயாக வகுத்துக் காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின். ஆண்டு 1899. களிவெறியும் கடுஞ்சோர்வும் மாறிமாறி வரும் நோய் அது. தாம் கண்ட 903 நோயாளிகளுள் பத்து வயதுக்கு முன்பே நோய் தொடங்கியவர்கள் 0.4 விழுக்காட்டினர் என்று பின்னர் அவர் கணக்கிட்டார். ஏறக்குறைய நால்வர். அந்த நால்வரை மருத்துவ உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1960இல் ஆண்டனி, ஸ்காட் என்னும் இருவர் பழைய ஏடுகளைச் சலித்துப் பார்த்து, இந்நோயுற்ற குழந்தைகளாகக் காட்டப்பட்டவர்களுள் மூவரே தேறுவர் என்றனர்.

பிறகு நிலைமை தலைகீழாயிற்று. குழந்தைகளிடம் களிவெறி பெரும்பாலும் கடுஞ்சினமாகவே வெளிப்படும் என்று 1995இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிலர் எழுதினர். அமெரிக்காவில் இந்நோய்க்காக இளையோர் மருத்துவரை நாடியமை 1994-95இல் இலட்சத்துக்கு 25, 2002-03இலோ 1003! எட்டே ஆண்டுகளில் நாற்பது மடங்காகப் பெருகியது நோயன்று, பெயர்தான் என்பதே என் எண்ணம்.

தொல்காப்பியர் வெகுளியையும் உவகையையும் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வைத்தார். (தமிழாசிரியனுக்கு எங்கே சென்றாலும் தொல்காப்பியம்தானா என நண்பர்கள் நகைக்கலாம்.) அவ்வேறுபாட்டை அமெரிக்கர் வேறு வழியில் கண்டடைந்தனர். எந்நேரமும் சினந்தே இருக்கும் பிள்ளைகளை எலன் லைபன்லுஃப்ட் குழுவினர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, வளர்ந்தபின் அவர்களிடம் மிகுந்து காணப்பட்டவை மனச்சோர்வும் பதற்றமுமே, களிவெறி அரிது. 2013இல் அப்பிள்ளைகளுக்கென்றே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனிப்பெயர் ஒன்று இடம்பெற்றது.

ஆக, நோயின் அடையாளம் சினமன்று, இயல்பிலிருந்து விலகுதல். அமைதியான பிள்ளை ஒரு வாரம் ஓயாது பேசும், உறக்கமின்றியும் களைப்பறியாது. பிறிதொரு பருவத்தில் எழுந்து நிற்கவும் வலுவின்றிச் சோர்ந்திருக்கும். அவ்விலகலை அறிய முதலில் அப்பிள்ளையின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். பெற்றோருக்கு அடுத்து அதனை அறிந்தவர் ஆசிரியரே.

நான் அறிந்தும் அறியாதவனானேன். பல ஆண்டுகளுக்கு முன், முதலாமாண்டு வகுப்பில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி, இரண்டு பக்கம் கேட்ட கட்டுரைக்கு எண்பது பக்கம் எழுதி வந்தாள். மூன்று இரவுகள் உறங்கவில்லை என்று அவளே சிரித்தபடி சொன்னாள். வகுப்பின் முன் நிறுத்திப் புகழ்ந்தேன். அடுத்த மாதம் முழுதும் அவள் வரவில்லை. வருகைக் குறைவென்று பதிவேட்டில் எழுதினேன். மருத்துவச் சான்றுடன் வந்த தந்தையார், ஒன்பதாம் வகுப்பிலேயே இவ்வாறு ஒருமுறை நேர்ந்ததென்றும், பள்ளியில் அதனைத் திமிர் என்று அடித்தார்களென்றும் சொன்னார்.

1949இல் ஜான் கேட் பயன்கண்டு அறிவித்த லித்தியம் இன்றும் இந்நோய்க்குத் தரப்படும் மருந்து. அதனை உண்போர்க்குத் தாகம் மிகும், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். உடலில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகும். அம்மாணவியும் அதை உட்கொண்டிருந்தாள். பள்ளியாயினும் கல்லூரியாயினும் இத்தகைய பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியவை எளியவை: தண்ணீர்ப் புட்டிக்கும் கழிப்பறைக்கும் காரணம் கேளாத அனுமதி, விடுபட்ட பாடங்களைச் சிறிது சிறிதாக முடிக்க அவகாசம், பலர் முன் விசாரியாமை.

அவள் திரும்பி வந்த பருவத்தேர்வில் மேற்பார்வையாளர் மேசைமீதிருந்த புட்டியை எடுத்து வெளியே வைத்தார். நான் சென்று அதை மீண்டும் அவள் மேசைமீது வைத்தேன்.