கேட்கத் துணிந்த செனட்டர்

இந்தத் தொடரில் இதுவரை ஒற்றர்களையும் அவர்களை ஏவிவிட்ட அதிபர்களையும் பார்த்துவந்தோம். இந்த வாரம், அந்த ஒற்றர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்ட ஒரு மக்கள் பிரதிநிதியைப் பார்க்கப்போகிறோம்.

முதலில் 1956 ஏப்ரல் 11-ஆம் தேதிக்குப் போக வேண்டும். சி.ஐ.ஏ.வின் நடவடிக்கைகளைக் கண்காணிக்க இரு அவைகளுக்கும் பொதுவான ஒரு குழு வேண்டும் என்று மொன்டானா மாநில செனட்டர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த தீர்மானம் அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 59. தீர்மானம் விழுந்தது. மூத்த செனட்டர் லெவரெட் சால்டன்ஸ்டால் எதிர்த்துப் பேசியபோது, அந்த அமைப்பு தகவல் தரத் தயங்கவில்லை, நாங்கள்தான் கேட்கத் தயங்குகிறோம் என்றார். ஒரு உறுப்பினராகவும் குடிமகனாகவும் சில விஷயங்கள் தனக்குத் தெரியாமல் இருப்பதையே விரும்புவதாகவும் சொன்னார். நிதி ஒதுக்கிய அவையே, அந்தப் பணத்தில் என்ன நடக்கிறது என்று அறிய மறுத்தது. அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளின் அத்துமீறல்களுக்கு உளவு அதிகாரிகளைப் போலவே இந்த 59 பேரும் பொறுப்பு என்றே நான் கருதுகிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் ஐடஹோ மாநிலம் புதிய செனட்டர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. பெயர் ஃபிராங்க் சர்ச். வயது 32.

பாய்சி நகரில் 1924-இல் பிறந்தவர். பள்ளி நாள்களிலேயே தேசிய அளவிலான பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனா, பர்மா, இந்தியா அடங்கிய போர்முனையில் ராணுவ உளவுப் பிரிவில் பணியாற்றினார். பிற்பாடு உளவு அமைப்புகளை விசாரித்தவர் அந்தத் தொழிலை உள்ளிருந்தே பார்த்தவர் என்பதை அவரைத் தேசவிரோதியாக ஏசியவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். போர் முடிந்து சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 23 வயதில், புற்றுநோய் தாக்கியது. சில மாதங்கள்தான் என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையில் பிழைத்து எழுந்தார். அவர் அரசியலில் எடுத்த துணிச்சலான முடிவுகளுக்குப் பின்னால் அந்த மறுபிறவியும் இருந்திருக்க வேண்டும்.

வியட்நாம் போரை அவர் எதிர்க்கத் தொடங்கியபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர், அவரை அரசியலில் வளர்த்துவிட்ட லிண்டன் ஜான்சன். உறவு கசந்தது. கம்போடியாவில் அமெரிக்கத் தரைப்படையின் செலவுக்குப் பணம் தரக் கூடாது என்று 1970-இல் செனட்டர் ஜான் ஷெர்மன் கூப்பருடன் சேர்ந்து திருத்தம் கொண்டுவந்தார். போரை நிறுத்த நாடாளுமன்றத்துக்கு இருக்கும் உண்மையான ஆயுதம் கஜானாச் சாவிதான் என்பதை அந்தத் திருத்தம் உணர்த்தியது. 1973-இல் பன்னாட்டு நிறுவனங்களை ஆராயும் துணைக்குழுவின் தலைவராக, சிலியில் அயெந்தே அதிபராவதைத் தடுக்க ஐ.டி.டி. நிறுவனம் சி.ஐ.ஏ.விடம் பேரம் பேசியதைப் பொது விசாரணையில் வெளிக்கொணர்ந்தார்.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. 1974 டிசம்பர் 22 அன்று, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சீமோர் ஹெர்ஷ் எழுதிய செய்தி வெடித்தது. வெளிநாட்டில் மட்டுமே இயங்க வேண்டிய சி.ஐ.ஏ., உள்நாட்டில் போர் எதிர்ப்பாளர்களைக் கண்காணித்துக் கோப்புகள் திறந்திருந்தது. வாட்டர்கேட் காயம் ஆறாத நேரம். 1975 ஜனவரி 27 அன்று செனட் 82-க்கு 4 என்ற வாக்குகளில் சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. 1956-இல் தோற்ற அதே மேன்ஸ்ஃபீல்ட்தான் இப்போது பெரும்பான்மைக் கட்சித் தலைவர். அவர் முதலில் அணுகிய செனட்டர் ஃபிலிப் ஹார்ட் உடல்நலம் காரணமாக மறுக்கவே, தலைமை சர்ச்சிடம் வந்தது.

குழுவில் ஜனநாயகக் கட்சியினர் ஆறு பேர், குடியரசுக் கட்சியினர் ஐந்து பேர். வால்டர் மாண்டேலும் இருந்தார், பாரி கோல்ட்வாட்டரும் இருந்தார். ஏறக்குறைய 800 சாட்சிகள், லட்சத்துக்கும் மேற்பட்ட பக்க ஆவணங்கள். சம்மன் அனுப்பலாம், சத்தியப்பிரமாணம் வாங்கலாம் என்ற அதிகாரம் ஒருபுறம் இருக்க, கேட்ட கோப்பு வந்து சேரும்வரை விடாமல் நச்சரித்ததில்தான் அந்தக் குழு ஜெயித்தது. அதே 1975 ஜூனில் இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, நம் பத்திரிகைகள் தணிக்கைக்குள் முடங்கின. அந்த மாதங்களில்தான் வாஷிங்டனில் ஒரு நாடாளுமன்றக் குழு தன் அரசின் ரகசிய அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 16 அன்று நடந்த பொது விசாரணையில் விஷ ஊசி எய்யும் சி.ஐ.ஏ. துப்பாக்கியை சர்ச் கையில் தூக்கிக் காட்டினார். நிக்ஸன் அழிக்கச் சொல்லியும் அழிக்காமல் வைத்திருந்த சிப்பி நஞ்சு பற்றிய விசாரணை அது. அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. குழு கண்டுபிடித்தவற்றில் மிகக் கனமான விஷயம் துப்பாக்கி இல்லை, தந்திகள்.

1945-இல் போர் முடிந்த கையோடு, மூன்று பெரிய தந்தி நிறுவனங்களிடம் ராணுவ உளவுத்துறை ஒரு கோரிக்கை வைத்தது. வெளிநாடுகளுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற தந்திகளின் நகல் வேண்டும். வாரண்ட் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. ஆர்.சி.ஏ. குளோபல், ஐ.டி.டி. வேர்ல்டு கம்யூனிகேஷன்ஸ், வெஸ்டர்ன் யூனியன் இன்டர்நேஷனல் மூன்றும் சம்மதித்தன. ‘ஷாம்ராக்’ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். 1952-இல் எந்தச் சட்டமும் இயற்றாமல், ட்ரூமன் கையெழுத்திட்ட ரகசியக் குறிப்பு ஒன்றால் மட்டுமே பிறந்த என்.எஸ்.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு முகமை அதைச் சுவீகரித்துக்கொண்டது. பிற்காலத்தில் நியூயார்க்கிலிருந்து தினமும் காந்த நாடாக்கள் மேரிலாந்தில் உள்ள அதன் தலைமையகத்துக்குப் போயின. கடைசி ஆண்டுகளில் மாதத்துக்கு ஏறத்தாழ 1,50,000 தந்திகளை ஆய்வாளர்கள் எடுத்துப் படித்தார்கள். இப்படி முப்பது ஆண்டுகள், 1975 மே மாதம் வரை.

என்.எஸ்.ஏ. என்ற பெயரையே அன்று பெரும்பாலான அமெரிக்கர்கள் கேட்டதில்லை. 1975 அக்டோபர் 29 அன்று அதன் தலைவர் லூ ஆலன் பகிரங்க விசாரணையில் வந்து அமர்ந்தார். உடன் வந்த துணை இயக்குநர் பென்சன் பஃபமிடம் மாண்டேல் ஒரு கேள்வி கேட்டார்: சொந்த நாட்டவரைக் கண்காணிக்கும் யோசனை பேசப்பட்டபோது, இது சட்டபூர்வமானதா என்ற கவலை உங்களுக்கு வந்ததா? “சட்டபூர்வமா?” என்று திருப்பிக் கேட்ட அதிகாரி, அந்தக் கோணம் பேச்சில் எழவே இல்லை என்று பதில் சொன்னார். ஆத்திரமோ திமிரோ இல்லாத, சாதாரணமான பதில். ஒரு நாட்டின் சட்டம் அந்தக் கட்டடத்துக்குள் எவ்வளவு அந்நியமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. நவம்பர் 6 அன்று, வெள்ளை மாளிகையின் ஆட்சேபத்தையும் குழுவிலேயே சிலரின் எதிர்ப்பையும் மீறி, ஷாம்ராக் அறிக்கையை சர்ச் பகிரங்கமாக வாசித்துப் பதிவேட்டில் ஏற்றினார். அவருடைய மொத்த வாழ்க்கையில் இதையே உச்சமாகச் சொல்வேன்.

மற்றவையும் சிறியவை அல்ல. 1953 முதல் 1973 வரை நியூயார்க்கில் மட்டும் சி.ஐ.ஏ. பிரித்துப் படமெடுத்த கடிதங்கள் 2,15,000-ஐத் தாண்டும். சர்ச் தன் மாமியாருக்கு எழுதிய கடிதமும் அதில் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் நோபல் பரிசு வாங்கச் செல்வதற்குச் சில வாரங்கள் முன்பு, அவருடைய அந்தரங்க ஒலிப்பதிவோடு எஃப்.பி.ஐ. ஒரு மொட்டைக் கடிதம் அனுப்பியிருந்தது. தற்கொலை செய்துகொள் என்றே கிங் அதைப் புரிந்துகொண்டார். வெளிநாட்டுத் தலைவர்கள் மீதான கொலைச் சதிகள் பற்றிய அறிக்கை நவம்பர் 20 அன்று வந்தது. ஃபிடல் காஸ்ட்ரோவைக் கொல்ல 1960-65 காலத்தில் குறைந்தது எட்டுச் சதிகள். காங்கோவின் லுமும்பாவுக்கு விஷம் அனுப்பப்பட்டது. அதைப் பயன்படுத்துமுன் வேறு கைகள் அவரைக் கொன்றுவிட்டன.

சி.ஐ.ஏ. மதம் பிடித்த யானையாகத் திரிந்திருக்கலாம் என்று சர்ச் விசாரணையின் நடுவில் சொல்லியிருந்தார். அவசரப்பட்ட பேச்சு. யானைக்குப் பாகன் இருந்தானா என்பதுதான் கேள்வி. பின்னாளில் மறுக்க வசதியாக அதிபர்கள் வாய்மொழியாக, பூடகமாகப் பேசிய ஒரு ஏற்பாடு இருந்ததையும், உத்தரவு எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாதபடி அது பார்த்துக்கொண்டதையும் குழுவின் அறிக்கையே விவரித்தது. தலைவரின் பேச்சைவிட அறிக்கை நிதானமானது.

1975 டிசம்பர் 23 அன்று ஏதென்ஸில் சி.ஐ.ஏ. அதிகாரி ரிச்சர்ட் வெல்ச் சுட்டுக்கொல்லப்பட்டார். குழு அவர் பெயரை எங்கும் வெளியிட்டதில்லை. ஆனாலும் பழி குழுவின் மேல் விழுந்தது, காற்றும் திசை மாறியது. இறுதி அறிக்கை 1976 ஏப்ரலில் வந்தபோது கோல்ட்வாட்டரும் துணைத்தலைவர் ஜான் டவரும் கையெழுத்திட மறுத்தார்கள். அதற்கு முந்தைய மாதமே சர்ச் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியிருந்தார். விசாரணையை ஏணியாக்கினார் என்ற விமர்சனத்தை அவரே வரவழைத்துக்கொண்டார். நான்கு மாநிலங்களில் வென்றும் ஜிம்மி கார்ட்டரை எட்ட முடியவில்லை.

ஆனால் குழு விட்டுச்சென்றவை நிலைத்தன. அரசியல் படுகொலைக்கு ஃபோர்டு 1976 பிப்ரவரியில் தடை விதித்தார். அதே ஆண்டு மே மாதம் செனட்டில் உளவுத்துறைக்கான நிரந்தரக் குழு பிறந்தது. தேசப் பாதுகாப்புக்காக உள்நாட்டில் ஒட்டுக்கேட்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று 1978-இல் சட்டம் வந்தது. இந்தியாவில் ரா அமைப்புக்கும் உளவுப் பிரிவுக்கும் இப்படியொரு நாடாளுமன்றக் குழு இன்றும் கிடையாது. 2011-இல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஒரு ஜனநாயக நாட்டில் இது எனக்கு ஆறாத குறை.

1980 தேர்தலில் 4,262 வாக்குகள் வித்தியாசத்தில் சர்ச் தோற்றார். பனாமா கால்வாயைத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தை ஆதரித்ததும், தேசப் பாதுகாப்பைப் பலவீனமாக்கினார் என்ற பிரசாரமும் அவரை வீழ்த்தின. 1984 ஏப்ரல் 7 அன்று கணையப் புற்றுநோயில், 59 வயதில் இறந்தார்.

என்.எஸ்.ஏ.வின் கண்காணிப்புப் பட்டியல் பற்றிய ஆவணங்களில் ஒரு பகுதி 2013-இல் ரகசியம் நீக்கி வெளியிடப்பட்டது. கிங், குத்துச்சண்டை வீரர் முகமது அலி ஆகியோரோடு இரண்டு செனட்டர்களின் பெயர்களும் அதில் இருந்தன. ஒருவர் சர்ச்சின் குழுவில் உறுப்பினராக இருந்த ஹோவர்டு பேக்கர். மற்றவர் ஃபிராங்க் சர்ச்.